கயிறு இழுக்குறது யாரு?

வா தம்பி, உக்காரு. நம்ம குடியிருப்போர் சங்கத்துக்கு உன்னையச் செயலாளராப் போட்டிருக்காகளாம்ல. போட்டியே இல்லாமத் தேர்வாயிட்டேன்னு உன் வீட்டுக்காரி பெருமையாச் சொன்னா. ஒருத்தரும் போட்டிக்கு வராத பதவின்னா அதுல என்னமோ இருக்குன்னு அவளுக்குத் தெரியலை, பாவம். இப்ப ஆகஸ்ட் 15 வருது, என்ன செய்யன்னு கேட்டு வந்திருக்கே. நானோ எட்டயபுரத்துப் பக்கம் கரிசக்காட்டு ஆளு. மகன் வீட்டுல மூணாவது மாடியில, காக்கா கணக்கா உக்காந்துக்கிட்டுக் கீழ நடக்குறதைப் பாக்கேன். மேல இருந்து பாத்தா உங்க வழுக்கையும் தெரியும், வழக்கும் தெரியும். அதனால சொல்லுதேன், கேட்டுக்கோ.

மொத வேலை, அழைப்பிதழ். அறுபது வீட்டுக்கு எதுக்கு அழைப்பிதழ்னு கேக்காத. அது அழைக்கிறதுக்கு இல்ல, பேரு போடுறதுக்கு. முன்னிலை, வரவேற்பு, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரைன்னு எத்தனை வரி இழுக்க முடியுமோ இழு. ஒரு ஆளு பேரை விட்டேன்னு வையி, அந்த ஆளு வருசம் பூரா தண்ணி மோட்டாரு சத்தம் சரியில்லம்பாரு. பேரு போட்டவுக எல்லாம் வரணும்னு அவசியமில்ல. வந்துட்டா நாற்காலிக்கு எங்க போவ?

அடுத்தாப்புல, கொடியேத்துறது யாரு. இப்பத் தலைவரா இருக்கவரா, முன்னாள் தலைவரா, வார்டு கவுன்சிலரான்னு மூணு நாளா வாட்சப்புல உருளுதாகளாமே. கவலைப்படாத. இந்தச் சண்டை உங்க ஏ பிளாக்குல ஆரம்பிச்சது இல்ல. சுதந்திரம் வந்து 25 வருசத்துக்கு மேலயும் மாநிலத்துல ஆகஸ்ட் 15 அன்னிக்கிக் கொடியேத்துனது கவர்னருமாருதான். டெல்லிச் செங்கோட்டையில பிரதமரு ஏத்துதாரே, ஓட்டு வாங்கி வந்த எங்களுக்கு மட்டும் அந்த உரிமை இல்லையான்னு கலைஞரு கேட்டாரு. 1974-ல இருந்து ஆகஸ்ட் 15 முதலமைச்சருக்கு, ஜனவரி 26 கவர்னருக்குன்னு பிரிச்சாக. அந்த வருசம் சென்னைக் கோட்டையில மொதமொதல்ல கொடியேத்துன முதலமைச்சரு அவருதான். நீயும் அப்படிப் பிரிச்சு விடு. ஆகஸ்ட் இப்பத் தலைவருக்கு, ஜனவரி முன்னாள் தலைவருக்கு. பொருளாளரு கோவிச்சா அவருக்கு அக்டோபர் 2-ஐக் குடு. அன்னிக்கிக் கொடியேத்துற வழக்கமில்ல, செலவுமில்ல. அவருக்கும் அதுதான பிடிக்கும்.

கோட்டைக் கொடின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1932 ஜனவரி 26. வெள்ளைக்காரன் ஆட்சி, சென்னைக் கோட்டைக் கொடிமரம், அதுல அவன் கொடி. ஆர்யான்னு கூப்பிடுற பாஷ்யம்னு ஒரு இளவட்டம் இருட்டோட இருட்டா ஏறி, அதை இறக்கிட்டு நம்ம மூவர்ணக் கொடியைக் கட்டிட்டு வந்துட்டாரு. விடிஞ்சு பாத்துட்டுத்தான் சிப்பாய்க முழிச்சிருக்கானுக. யாரு முன்னிலை, யாரு வரவேற்புரைன்னு அவரு கேக்கலை. அழைப்பிதழ்லயும் பேரில்ல. இந்தக் கதையை உங்க மேடையில ஒரு பய சொல்ல மாட்டான். சொன்னா, ‘கயிறு யாரு இழுக்குறது’ன்னு மறுபடி சண்டை போட வெக்கமா இருக்கும்.

போன வருசம் உங்க பழைய நிர்வாகம் ஒரு வேலை செஞ்சாக, பாத்தியா? வாச்மேனைக் கூப்பிட்டுக் கொடியேத்தச் சொன்னாக. எல்லாரும் கை தட்டுனாக, படம் புடிச்சாக, ஒரு அம்மா கண்ணைக்கூடத் தொடச்சாக. நல்ல காரியந்தான். கொடியேத்தி முடிச்சதும் அந்த ஆளு என்ன செஞ்சாரு தெரியுமா? ஓடிப்போய் விருந்தினருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாரு. பொறவு குரூப் போட்டோ எடுத்தாக, அதுல அவரு இல்ல. கேட்டுல கார் ஆரன் அடிச்சுச்சு, திறக்கப் போயிட்டாரு. மறுமாசம் சம்பளம் ஐநூறு கூட்டிக் கேட்டப்ப, பொதுக்குழுவுல வச்சுப் பேசுவோம்னாக. பொதுக்குழு இன்னும் கூடுன பாடில்ல. இந்தத் தடவயும் அவரை ஏத்தச் சொல்லணும்னா, மொத நாளே அந்த ஐநூறை முடிவு பண்ணிட்டுச் சொல்லு.

கொடி கட்டுறதைப் பத்தி மட்டும் நான் விளையாட்டாச் சொல்லலை. எங்க ஊரு பள்ளிக்கூடத்துல அந்த வேலை என்கிட்டதான் இருந்துச்சு. மொதல்ல கப்பிக்கு எண்ணெய் விடு. வருசம் பூரா மழையில நனைஞ்சு துருப்பிடிச்சுக் கெடக்கும். ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஏணி வச்சு ஏறி விட்டுரு. காவி மேல இருக்கான்னு கட்டுறதுக்கு முன்ன ஒருக்கா, கட்டுன பொறவு ஒருக்காப் பாரு. கொடியை நீளவாக்குல மடிச்சுச் சுருட்டணும். உள்ள பூ வைக்கலாம், கொடிச் சட்டமே விட்டிருக்கு. ஆனா கடையில தண்ணி தெளிச்சுக் குடுத்த ரோசா இதழை அப்படியே வைக்காத. உருண்டை பிடிச்சு விருந்தினரு தலையில பொத்துன்னு விழும். மொத நாள் ராத்திரியே பேப்பர்ல பரப்பி ஈரத்தை உலர்த்தணும். சுருட்டுன கொடியைக் கயித்தால ரெண்டு சுத்துச் சுத்தி, முடிச்சு போடாம, கயித்தை வளையமா மடக்கிச் செருகு. சுண்டி ஒரு இழுப்பு இழுத்தா உருவிக்கிட்டு வரணும். ஒருக்காக் கட்டி, இழுத்துப் பாத்து, மறுபடி கட்டு.

நம்ம ஆளுக என்ன செய்வாக? அவுந்துருமோன்னு பயந்து முடிச்சுக்கு மேல முடிச்சா போடுவாக. விருந்தினரு இழுப்பாரு, வராது. சிரிச்சுக்கிட்டே இழுப்பாரு, வராது. போட்டோக்காரரை ஒருதரம் திரும்பிப் பாத்துட்டு ஓங்கி இழுப்பாரு. கொடி வராது, கம்பம் வரும். பெயிண்டு டப்பாவுல சிமெண்டு போட்டு நட்ட கம்பந்தான, அவருக்கு வணக்கம் வச்சுக் குனியும்.

நேரக் கணக்கு ஒண்ணு சொல்லுதேன், குறிச்சுக்கோ. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. தேசிய கீதம் 52 விநாடி. ரெண்டும் சேந்து ரெண்டு நிமிசம் ஆகாது. நாட்டுக்குன்னு செய்யுறது அம்புட்டுத்தான். மிச்சம் ஒண்ணேகால் மணி நேரம் யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன், வெயில்ல நிக்கிற பிள்ளைக கேக்கும். அந்த ரெண்டு பாட்டையாவது வாயால பாடுங்கப்பா. போன தடவ போனுல போட்டாக. கீதத்துக்கு நடுவுல சமையல் எண்ணெய் விளம்பரம் வந்துருச்சு. எல்லாரும் விறைப்பா நின்ன வாக்குல அதையும் மரியாதையாக் கேட்டோம்.

மாறுவேடப் போட்டி வைப்பீக. வையி, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனா அஞ்சு பாரதியாரு வருவாரு, எண்ணிக்கோ. எங்க ஊருக்காரரு பெருமைதான், இருந்தாலும் காரணம் கவிதை இல்ல. தாத்தா வேட்டியில முண்டாசும் மை டப்பாவுல மீசையும் ஆயிரும். வெயிலேற ஏற அஞ்சு மீசையும் தாடைக்கு இறங்கிரும். வ.உ.சி.யா ஒரு பிள்ளையும் வராது. அவரு எங்களுக்குப் பக்கத்து ஊரு ஓட்டப்பிடாரம். வெள்ளைக்காரனுக்குப் போட்டியா 1906-ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச மனுசன், கோயமுத்தூர் செயில்ல செக்கிழுத்தாரு. கப்பலும் செக்கும் வாடகைக்குக் கிடைக்காதுல்ல.

கூட்டம் வராதுன்னு பயப்படுதியா? நியாயந்தான். ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையா வந்துட்டா மூணு நாள் லீவு, பாதிப் பேரு ஊட்டி ரோட்டுல கார்ல நிப்பான். 1947-லயும் வெள்ளிக்கிழமைதான். காந்தி டெல்லி விழாவுக்குக்கூடப் போகாமக் கல்கத்தாவுல பட்டினி கிடந்தாரு, ராட்டை சுத்துனாரு. உள்ளூர்லயே இருக்கவுகளும் வருவாகன்னு நம்பாத. ஆனா 14-ஆம் தேதி ராத்திரி சாராயக் கடை வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாரு. மறுநாள் நாட்டுக்கு முக்கியமான நாளுன்னு அங்க ஒருத்தருக்கும் மறக்கலை, கடை அடைப்பாச்சே.

சாப்பாடு போட்டா வருவாகன்னு உன் பொருளாளரு சொல்லுவாரு. வருவாக. சரியாப் பொங்கல் வாளியைத் திறக்குற நேரத்துக்கு வருவாக. அது தப்பில்ல. எங்க காலத்துல ஆரஞ்சு மிட்டாய்க்குத்தான் நாங்களும் போனோம். கோயில்கள்லயே அன்னிக்கிப் பொது விருந்து போடுதாக, மந்திரி அதிகாரின்னு எல்லாரும் வரிசையில உக்காந்து சாப்பிடுதாக. நீ வாளியைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துலயே வையி. மோப்பம் பிடிச்சாவது ரெண்டு பாட்டுக்கு நிப்பாக.

முடிஞ்ச பொறவு கொடியை யாரு இறக்குறது? அழைப்பிதழ்ல அதுக்கு ஒரு வரியும் கிடையாது. முன்ன எல்லாம் பொழுது சாயுறதுக்குள்ள இறக்கியாகணும். 2022-ல விதியைத் திருத்தி, ராத்திரியும் பறக்கலாம்னுட்டாக. இறக்க மறந்த செயலாளர்க எல்லாம் சேந்து மனுப் போட்டுருப்பாகளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆனா கிழிஞ்ச கொடி பறக்கக் கூடாதுங்கிறது இன்னும் அப்படியேதான் இருக்கு. போன தடவ ஏத்துனது தீபாவளி வரைக்கும் பறந்துச்சு, கடைசியில பச்சை பாதிதான் மிச்சம். பிள்ளைக கையில குடுத்த காகிதக் கொடியையும் சாயங்காலமே பொறுக்கிரு. மறுநாள் மழை பேஞ்சா அதெல்லாம் சாக்கடைச் சல்லடையில வந்து நிக்கும், நான் மேல இருந்து பாக்கணும்.

இப்பக் கிட்ட வா, யாருக்கும் கேக்க வேண்டாம். ஒருத்தரையும் ஊட்டிக்குப் போக விடாம இழுத்து வைக்கிற வழி ஒண்ணு இருக்கு. எங்க ஊர்ல ஆகஸ்ட் 15-னா கொடியேத்துறது சின்ன வேலை. அதுக்குப் பொறவு கிராம சபைன்னு ஒண்ணு உண்டு, அதுதான் பெருசு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நாலு நாளும் உண்டு. இப்ப மார்ச் 22, நவம்பர் 1-ஐயும் சேத்து ஆறாக்கிட்டாக. ஓட்டு இருக்க எவரும் எந்திரிச்சு, தெரு விளக்குக்கு எம்புட்டு, வாறுகால் வெட்ட எம்புட்டுன்னு கேக்கலாம். பஞ்சாயத்துத் தலைவரு பதில் சொல்லியாகணும். காது கேக்காத கிழவிகூட முன்வரிசையில வந்து உக்காரும். ஒருதரம் எங்க ஊர்ல குழாய் பதிச்ச கணக்கைக் கேட்டதுல மத்தியானம் மூணு மணி வரைக்கும் ஒருத்தரும் சாப்பிடப் போகலை.

நீயும் அதைச் செய். அழைப்பிதழ்ல சிறப்புரைக்குப் பதிலா ஒரே ஒரு வரி போடு: ‘வரவு செலவுக் கணக்கு வாசிப்பு. கேள்வி கேட்கலாம்.’ மெயின்டனன்சு காசு எங்க போகுது, லிப்டு ரிப்பேருக்கு ரெண்டு தடவ பில்லு ஏன், பெயிண்டு அடிச்ச காண்டிராக்டரு யாருக்கு மச்சான், எல்லாம் வரும். கொடிக்கு வராதவன் கணக்குக்கு வருவான், குடும்பத்தோட வருவான். வெளிநாட்டுல இருக்க வீட்டுக்காரன் போன்ல வருவான். பேரு போடலைன்னு கோவிச்சுக்கிட்டவுகதான் மொத வரிசை. சிறப்பு விருந்தினருக்குச் சால்வைச் செலவும் மிச்சம்.

என்ன, முகம் மாறுது? நீ புதுசுதான, உனக்கு என்ன பயம். இப்பவே எந்திரிச்சுப் போய்ப் பழைய செயலாளர்கிட்ட அந்தக் கணக்கு நோட்டை வாங்கு. இன்னிக்கே வாங்கிரு. அவரு 14-ஆம் தேதியே ஏற்காட்டுல ரூம் போட்டுருக்காராம்.