பெரியப்பா அடங்கவில்லை

கேள்வி: வீட்டு விசேஷங்களை கேம்கார்டரில் எடுக்கிறேன். சின்ன ஹால், எல்லோரும் ஃபிரேமுக்குள் அடங்குவதில்லை. பின்னால் நகர்ந்தால் சுவர். வைட் ஆங்கிள் கன்வெர்ட்டரில் 0.5 வாங்கலாமா, 0.7 வாங்கலாமா?
- வாசகர், தேனி

பதில்: சுவரை இடிப்பதைவிட லென்ஸ் மலிவு, வாங்குங்கள். 0.7 என்றால் 40 மி.மீ. பார்வை 28 ஆகிவிடும். நின்ற இடத்திலிருந்தே பெரியப்பா குடும்பம் மொத்தமும் உள்ளே வரும். 0.5-ல் ஊரே வரும். ஆனால் தூண்கள் வில்லாக வளையும். ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் தொப்பைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் 0.7 கட்சி.

கேமரா லென்ஸின் விளிம்பில், வட்டத்தை ஒரு கோடு குறுக்காக வெட்டும் குறிக்கு (Ø) பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 37 என்றால் 37 மி.மீ. மரைதான் சேரும். ஏற்கெனவே ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அதன்மேல் மாட்டினால் நாலு மூலையும் இருட்டிவிடலாம்.

முக்கியமான சோதனை ஜூம்தான். மலிவுச் சரக்கு பலவற்றில் பாதி ஜூமிலேயே படம் கலங்கிவிடும். முழு ஜூமுக்கும் தாங்கும் வகை கனமானது. கையும் வலிக்கும், பர்ஸும் வலிக்கும். தாலி கட்டும் நேரத்தில் கலங்கினால், மாப்பிள்ளையை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. கேமராவைக் கடைக்கே கொண்டுபோய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.