ஓடாத கணினியின் உபாசகர்

தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம் பக்கமாகட்டும், மேற்கே முடிச்சூர் பக்கமாகட்டும், சற்றே வடக்கே தள்ளிக் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமாகட்டும், நீங்கள் எந்தத் தெருவில் வீடு பார்த்துக் குடியேறினாலும், அந்தத் தெருவில் அறுபது பிராயத்தைத் தாண்டியவரும், ஓய்வூதியம் பெறுபவரும், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார் ஸ்குரூ டிரைவர் ஒன்றைச் செருகியிருப்பவருமான ஒரு கனவான் அவசியம் இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பதற்கு விலாசம் விசாரிக்க வேண்டியதில்லை. மாலை ஏழு மணி சுமாருக்கு எந்த வீட்டில் விளக்குகள் அனைத்தும் பொட்டென்று அணைந்து, அதைத் தொடர்ந்து, "மறுபடியும் அந்தச் சனியனைப் போட்டீங்களா?" என்று ஒரு பெண்குரல் எழும்புகிறதோ, அந்த வீடே அவருடைய கிருகம். பழைய கணினிகளின் மீது அபிமானம் கொண்டு, அவற்றைச் சேகரித்து, திறந்து, ஆராய்ந்து, மூடாமலே விட்டுவிடுவதை வாழ்நாளின் பிற்பகுதிக்குரிய தர்மமாக ஏற்றுக்கொண்டவர் அவர்.

இவரைப் பழுது பார்க்கும் தொழிலாளியோடு சேர்த்து எண்ணுபவர்கள் இவருடைய அந்தரங்கத்தை அறியாதவர்கள். பழுது எப்போது தீரும், கூலி எப்போது கைக்கு வரும் என்பது அந்தத் தொழிலாளியின் கவலை. பழுது எங்கே தீர்ந்துவிடுமோ என்பது நம்மவருடைய கவலை. வாரக்கணக்கில் மல்லாடி ஒரு பெட்டியை உயிர்ப்பித்து, திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடத் தொடங்கியதும், வேறொருவராயிருந்தால் ஆனந்தக் கூத்தாடியிருப்பார். இவரோ ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, முகம் வாடி, "ஓடுது" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியின் திருகுகளைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார். ஓடுகிற பெட்டியால் அவருக்கு ஆக வேண்டியதுதான் என்ன? மின்கட்டணம் கட்டவும் ரயிலுக்கு முன்பதிவு செய்யவும் சகதர்மிணியின் கைப்பேசி இருக்கிறது. அந்தக் காரியங்களை அந்த அம்மாளே முடித்துவிடுகிறார்.

இந்தப் பக்தி எங்கே முளைத்தது என்று ஆராய்ந்துகொண்டு போனால், பெரும்பாலும் ஒரு வங்கிக் கிளையில் போய் முடியும். 1984ஆம் ஆண்டில் ரங்கராஜன் குழு வங்கிகளில் இயந்திரமயத்துக்கு வழி வகுத்துக் கொடுத்த பிற்பாடு, கிளைகளுக்குள் கணினி மெல்ல மெல்லப் பிரவேசித்தபோது அதற்கு நடந்த உபசாரம் இக்காலத்துப் பிள்ளைகள் நம்பக்கூடியதன்று. மேலாளர் மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டிருக்க, கணினிக்கு மட்டும் குளிரூட்டிய தனியறை. உள்ளே நுழைபவர் காலணியை வாசலில் கழற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் ரெக்சின் உறையைப் போர்த்திவிட்டு வர வேண்டும். ஊழியர் சங்கத்தார் வாயிலில் நின்று "ஒழிக" என்று கோஷமிட்டுக்கொண்டிருந்த அதே இயந்திரத்தில் பயிற்சி பெற ஆள் கேட்டபோது, கோஷமிட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்குள்ளிருந்தே ஒரு கை உயர்ந்தது. அந்தக் கை நம்மவருடையது. இன்றைக்கும் தம் வீட்டுப் பின்னறைக்குள் அவர் யாரையும் செருப்போடு விடுவதில்லை. அந்த அறைக்குக் குளிரூட்டி கிடையாது என்பது வேறு விஷயம்; மே மாதத்தில் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதே ஒரு விரதம்.

அறையில் பிரதான ஸ்தானம் வகிப்பது எக்ஸ்.டி. வகையைச் சேர்ந்த ஒரு பெட்டி. 1983இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மாதிரியை அடியொற்றி உள்நாட்டில் கோத்துச் சேர்த்தது. அதனுள்ளிருக்கும் 8088 சில்லு, விநாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்பு என்ற, இன்றைய கணக்கில் மிகவும் நிதானமான வேகத்தில் காரியம் பார்ப்பது. இதற்கு நாள் கிழமை ஞாபகம் அறவே கிடையாது. ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும், இன்று 1980ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, செவ்வாய்க்கிழமை என்று திடமாக அறிவித்துவிட்டு, சரியான தேதி வேறாயின் தெரிவிக்குமாறு கேட்டு நிற்கும். டாஸ் என்னும் அதன் இயக்க முறைமைக்குக் காலம் பிறந்ததே அன்றுதான். அதற்கு முன் ஓர் உலகம் இருந்ததாக அது ஒப்புக்கொள்ளாது. நம்மவர் சரியான தேதியைக் கொடுப்பதில்லை. "பெரியவர் சொல்றார், சொல்லிட்டுப் போகட்டுமே" என்று எண்டர் விசையைத் தட்டிவிடுவார். ஆகவே அந்தப் பெட்டியின் சித்தாந்தப்படி இன்றைக்கும் சரண்சிங்கே பாரதப் பிரதமர், சென்னையில் எம்.ஜி.ஆர். முதலமைச்சர், மக்களவைக்கு வாக்குப்பதிவு இன்னும் இரண்டு நாளில் தொடங்கவிருக்கிறது. அந்தத் தேர்தல்தான் நடந்தபாடில்லை. இரண்டாம் தேதி பிறப்பதற்குள் எப்படியும் மின்சாரம் போய்விடுகிறது.

மின்சாரம் அப்படித் திடீரென்று போவது அதன் வன்தட்டுக்கு ஆகாது. 20 மெகாபைட் கொள்ளளவுள்ள அந்தத் தட்டில் இன்றைய கைப்பேசிப் புகைப்படங்கள் ஐந்தாறு வைத்தால் இடம் தீர்ந்துவிடும். ஆனால் அதற்குரிய மரியாதைகளோ அநேகம். நிறுத்துமுன் "பார்க்" என்று கட்டளையிட்டு, வாசிக்கும் முனையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்த பிறகே மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பது அக்காலத்துச் சம்பிரதாயம். நீண்ட நாள் ஓய்ந்திருந்தாலோ, அந்த முனை தட்டோடு ஒட்டிக்கொண்டு, சுழல முடியாமல் மோட்டார் முனகும். அதற்குப் பரிகாரம், தட்டைப் பெட்டியிலிருந்து உருவி உள்ளங்கையில் ஏந்தி, மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்பு. எவ்வளவு வேகம், எந்தத் திசை என்பதெல்லாம் குருமுகமாக வர வேண்டிய வித்தை. இந்த வித்தையில் அவருக்குச் சீடர் எவரும் இதுவரை அமையவில்லை.

அடுத்த ஸ்தானத்தில் ஒரு 486. முகப்பில் டர்போ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் 33 என்று ஒளிர்ந்த எண் 66 ஆகும். இயந்திரம் தன் வேகத்தைத் தானே அளந்து சொல்கிறது என்று பார்ப்பவர் பிரமிப்பர். உண்மையில் அந்த எண்ணுக்கும் வேகத்துக்கும் யாதொரு பந்தமும் இல்லை. எண்பலகையின் பின்னால் ஜம்பர் என்கிற சிறு செருகிகளை எப்படி இடம் மாற்றிச் செருகுகிறோமோ, அந்த எண் ஒளிரும். நம்மவர் சத்தியசந்தர். ஆயினும், சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்த தினத்தில் அது 99 என்று ஒளிர்ந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.

1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கு ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். இன்றும் ரயில் நிலையப் பலகையில் சானடோரியம் என்ற பெயர் நின்று விளங்குகிறது. நகரத்து அலுவலகங்கள் கைவிட்ட பெட்டிகளுக்காக நம்மவரும் ஒரு சானடோரியம் நடத்தி வருகிறார் என்று சொல்லலாம். முன்னதில் குணமடைந்தவர்கள் வீடு திரும்பினார்கள். பின்னதிலிருந்து எதுவும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. இங்கே முதல் மருந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து ராம் அட்டையின் முலாம் பூசிய பற்களில் படிய வைக்கும் களிம்பை அந்த ரப்பரால் தேய்த்துவிட்டால், பாதி வியாதிகள் அப்போதே தீர்ந்துபோகும். அதனாலேயே ரப்பரிடத்தில் அவருக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு.

ரப்பருக்கு அடங்காதவற்றுக்கு ஒலியைக் கேட்டு நிதானம் செய்ய வேண்டும். பழைய பெட்டி விழித்தவுடன் எழுப்புகிற கூவல் ஒற்றைக் குறிலாயிருந்தால் சுகம். நெடில் ஒன்றும் குறில் இரண்டும் வந்தால் திரைக்குரிய அட்டையில் உபாதை. இலக்கணம் படித்தவர்களைக் கணினித் துறையில் ஏன் அதிகமாக நியமிக்கவில்லை என்பது எனக்கு நெடுநாளைய சந்தேகம். எல்லாவற்றினும் அவர் உவகையோடு வரவேற்பது, தலை உப்பிய கெபாசிட்டர். 1999 தொடங்கி ஏழெட்டு வருஷங்களில் தயாரான மதர்போர்டுகள் பலவற்றில், உள்ளிருக்கும் திரவத்தின் குறைபாட்டினால், இந்தச் சிறு உருளைகள் உச்சி புடைத்துக் கசிந்து மடிந்தன. உலகத்தார்க்கு அது நஷ்டகாலம், நம்மவர்க்குப் பொற்காலம். மாற்று வாங்கும் பொருட்டு, காலைச் சிற்றுண்டி முடிந்ததும் மின்ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்து, 1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று மந்திரம்போல் உச்சரித்துக் கடை கடையாக ஏறி இறங்கி, சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற அந்தச் சரக்கை மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். பற்றவைக்கும் கோலைச் சூடேற்றும்போதுதான், ஈயம் தீர்ந்துபோனது நினைவுக்கு வரும். மறுநாளும் ஒரு யாத்திரை வாய்த்ததே என்ற திருப்தியில் அன்றிரவு நன்றாகத் தூங்குவார்.

ஆனால் அவருடைய உண்மையான திருவிழா வெள்ளிக்கிழமை. பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் ஆங்கிலேயர் காலந்தொட்டு வாரந்தோறும் கூடிவரும் சந்தையில், ரோஜாச் செடிக்கும் புறாக் கூண்டுக்கும் இடையே, பெயர்த்தெடுத்த கதவுகளையும் வாயில்லாத மிக்சிகளையும் கடந்து சென்றால், கோணிமீது குவித்த கணினி அவயவங்கள் தென்படும். புதிதாகக் கடை போட்ட ஒரு பையனிடம் அவர் நடத்திய சம்பாஷணையை நான் அருகிருந்து கேட்டிருக்கிறேன்.

"இது எவ்வளவுப்பா?"

"ஐந்நூறு குடு சார்."

"ஓடுமா?"

"சூப்பரா ஓடும் சார். நேத்துகூடப் போட்டுப் பார்த்தேன்."

நம்மவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பையன் திகைத்து, நானூறு என்றான், முந்நூறு என்றான், பயனில்லை. பக்கத்துக் கோணிக்குரிய அனுபவஸ்தர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு, "சார், இப்படி வாங்க. இது சுத்தமா ஓடாது. மெக்கானிக்கே கைவிட்டுட்டான். உள்ளே எறும்புப் புத்து வேற இருக்கு" என்றார். நம்மவர் முகத்தில் அப்போது பரவிய தேஜஸை என்னால் வர்ணிக்க இயலாது. பேரம் பேசாமல் அறுநூறு ரூபாய் கொடுத்தார். மேற்கொண்டு குவியலைக் கிளறியதில் டி.வி.எஸ். கோல்டு விசைப்பலகை ஒன்றும் அகப்பட்டது. அந்நாளைய வங்கி ஊழியர்களால் மறக்க முடியாத, ஒவ்வொரு விசைக்கும் உரத்து ஒலிக்கிற அந்தப் பலகையில் ஓர் எழுத்து மட்டும் வேலை செய்யாது என்று தெரிந்ததும், அதையும் எடுத்துக்கொண்டார்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாளைப்பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். ஒரு தடவை அவர் காயலான் கடைக்காரரையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். அன்று நம்மவர் எடுத்து வைத்த வாதம் பலமானது. மகளின் கல்யாணப் பத்திரிகையை அவர் 1997இல் 486இல்தான் தம் கையால் எழுதி அமைத்தார். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீட்டு ஒழுங்கு. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால், மணமகன் பெயரிருந்த இடத்தில் தலைக்குமேல் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள் அணிவகுத்து நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு இந்தக் குழப்பத்தை ஒழுங்கு செய்யப் பார்த்தது; 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது; ஆனால் பழைய கோப்புகளுக்கு அவற்றால் தாமாக விமோசனம் கிடைத்துவிடவில்லை. "இந்தப் பெட்டி போனா, நம்ம பொண்ணு கல்யாணப் பத்திரிகையை இனிமே யாராலும் படிக்க முடியாது, தெரியுமா?" என்றார் நம்மவர், குரல் தழுதழுக்க. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து, மஞ்சள் தடவிய, அச்சிட்ட பத்திரிகை ஐம்பதை எடுத்துக் காயலான் கடைக்காரர் முன்னிலையில் மேஜைமேல் வைத்தார். கடைக்காரர் ஒன்றை எடுத்து வாசித்து, பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்து, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது, ஓடாத பெட்டி ஏதாவது வந்தால் சொல்லியனுப்புவதாக வாசலில் நம்மவரிடம் இரகசியமாகத் தெரிவித்ததாகக் கேள்வி.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இப்பக்கத்தார் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடிற்று. தண்ணீர் முதற்படியைத் தொட்டபோது, முடிச்சூரில் வசித்த இந்த வர்க்கத்தார் ஒருவர் முதலில் எக்ஸ்.டி.யைப் பரணில் ஏற்றினார், பிறகு 486ஐ, பிறகு, திருகுகள் போட்டு வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை. ரேஷன் அட்டையும் பட்டுப் புடவைகளும் நான்காவது தவணையில் ஏறின. அந்தக் கிரமத்தை அவர் மனைவி இன்றும் கல்யாண வீடுகளில் வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறார். ஏற்றாமல் விட்டுப்போன பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவி, ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, தை மாதத்து வெயிலில் மொட்டைமாடியில் வடாத்துக்குப் பக்கத்தில் காய வைத்தார். சேறு படிந்த பலகையும் இவ்விதம் நன்கு உலர்ந்தால் பிழைப்பதுண்டு. ஒரு பலகை பிழைத்தது. அது அவருக்கு ஏமாற்றமாயிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அங்கமும், புதிய தலைமுறைச் சில்லும் இல்லாத கணினிகள் பதினொன்றாம் பதிப்புக்கு அருகதையற்றவை என்று ஒதுக்கப்பட்டன. இனி நம்மவர் வீட்டில் இடமிராது என்று நான் எண்ணியிருந்தேன். எதிர்வீட்டுப் பையன் ஒருவன், கல்லூரியை முடித்து வேலைக்குப் போகிறவன், தன் மடிக்கணினியோடு முதலில் வந்தான்.

"அங்கிள், இது பதினொண்ணுக்கு ஏறாதாம். உங்களுக்காவது உபயோகப்படுமேன்னு கொண்டுவந்தேன்."

நம்மவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மெல்லத் திறந்து பார்த்தார். ராம் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்தது, ரப்பருக்கு வேலையில்லை. பேட்டரி பசைபோட்டு ஒட்டப்பட்டிருந்தது. மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கூவல் எதுவுமின்றி, பத்தே விநாடியில் திரை ஒளிர்ந்தது.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஆமா அங்கிள், நல்லா ஓடும்."

"ஓடுறதை எதுக்கு எங்கிட்ட கொண்டாந்தே? லினக்ஸ் போட்டு உன் தங்கச்சிக்குக் குடு, படிக்கட்டும்."

பையன் முகம் சிறுத்துப் படியிறங்கினான். கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்தச் சார்ஜர் ஒயர் பிஞ்சிருக்கு போலிருக்கே. அதை மட்டும் வெச்சுட்டுப் போ, சரி பண்ணித் தரேன்."

மடிக்கணினி இப்போது லினக்ஸில் செம்மையாக ஓடுவதாகக் கேள்வி. தங்கை வேறு சார்ஜர் வாங்கிக்கொண்டுவிட்டாள்.