சர்க்காரும் சந்நிதியும்

ராஜாங்கம் எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்தப் பாதிரியாருக்கும் சம்பளம் கொடாது என்று பிரெஞ்சு தேசம் 1905-இல் சட்டம் இயற்றித் தலையிலடித்துச் சத்தியம் பண்ணிற்று. அவ்வேளையில் அல்சாஸ் பிரதேசம் ஜெர்மானியர் வசம் இருந்தபடியால் அது தப்பிற்று. 1918-இல் யுத்தம் முடிந்து தாய்நாடு திரும்பியபோது, நெப்போலியன் 1801-இல் போப்பாண்டவருடன் செய்துகொண்ட உடன்படிக்கையையும் பழைய சீதனப் பாத்திரம் போலக் கையோடு கொண்டுவந்துவிட்டது. ஆகவே, பாரிஸில் மதச்சார்பின்மையே பரம தர்மம் என்று பிரசங்கம் செய்கிற ஜனாதிபதி அவர்களே, ஸ்ட்ராஸ்பூர் நகரத்து அதிமேற்றிராணியாரை நியமிக்கும் ஆக்ஞையில் கையெழுத்தும் இடுகிறார். பாதிரியார், போதகர், ரபி ஆகியோருக்கு அங்கே மாதம் பிறந்தால் பொக்கிஷத்திலிருந்து சம்பளம். (நெப்போலியன் காலத்தில் வந்து வரிசையில் நிற்காத குற்றத்துக்காக இமாமுக்கு மட்டும் காசு கிடையாது.) பள்ளிக்கூடத்துச் சிறுமியின் முக்காட்டினால் குடியரசுக்கு ஆபத்து என்று அஞ்சி 2004-இல் தனிச் சட்டம் செய்தவர்கள், தேசத்தின் 11 பொது விடுமுறைகளில் 6 கிறிஸ்தவப் பண்டிகைகளாக இருப்பதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை; ஆகஸ்டு 15-இல், மாதா மோட்சம் ஏறிய திருநாளன்று, பரம நாஸ்திகரும் குடும்ப சமேதராய்க் கடற்கரைக்குச் சென்று பக்தி சிரத்தையுடன் வெயில் காய்கிறார்.