இழுக்க இழுக்க ஆரோக்கியம்

உடற்பயிற்சிக் கூடத்தையே சுருட்டிப் பைக்குள் வைக்கலாம் என்று கண்டுபிடித்த மகானுக்கு வணக்கம். ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்ற ரப்பர் பட்டை வந்தபின் இடமில்லை, நேரமில்லை, மழை பெய்கிறது என்ற பழைய சாக்குகள் செல்லாது. புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. மூளைக்கும் பயிற்சிதான்.

1925-இல் மறைந்த பயில்வான் யூஜின் சாண்டோ அப்போதே ரப்பர் கயிற்றுக் கருவி விற்றவர். அவர் பெயர் நம் பனியனில் நிலைத்தது. தொப்பை அதற்குள் நிலைத்தது.

பேண்டின் இயற்பியல் எளிது: இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடும். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பை நகர்த்திப் பார்த்தவருக்குத் தனியாகப் பயிற்சியாளர் வேண்டாம்.

வலிமைக்கு ஒரு நிறம். மஞ்சள் எளிது, கறுப்பு கடினம். நடுவே சிவப்பு, பச்சை, நீலம். விவரமானவர்கள் ஐந்தையும் சேர்த்தே வாங்குவார்கள். எங்கள் வீட்டில் மஞ்சள், ஸ்கூட்டரில் அரிசி மூட்டையைத் தாங்குகிறது. சிவப்பில் துணி காய்கிறது. நீலம், ஜிப் போன சூட்கேஸின் மானத்தைக் காக்கிறது. கறுப்பை இன்னும் உறை பிரிக்கவில்லை. படிப்படியாக முன்னேறுவதே முறை.

பச்சையைத்தான் பாட்டி எடுத்துக்கொண்டார். முழங்கால் வலிக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னாராம். காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து இழுத்தார். இப்போது மாடிப்படி ஏறி வடகம் காயவைக்கிறார்.

துணிக்கொடி போதவில்லை என்று பச்சையைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தோம். எதிர்ப்பு பலமாக இருந்தது.