தோட்டமும் தோட்டாவும்

இலங்கை மலைநாட்டுக்கு முந்தி வந்தது தேயிலைத் தோட்டமா, துவக்கா? யோசிக்கவே வேண்டாம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867-இல். அதற்கு 22 வருசம் முன்னாலேயே மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் என்கிற பதுளை அதிகாரி, ஊர்க்கணக்குப்படி 1,400 ஆனைகளை முடித்துவிட்டு, தானும் முடிந்துபோயிருந்தார்.

தோட்டா என்ற சாமான் அன்றைக்கு வேட்டைக்கார தொரைமார் கையில் இல்லை. குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டு, குண்டைப் போடு, கம்பியால் இடி. அதுவரைக்கும் ஆனை மரியாதையாக நிற்க வேண்டும். நிற்காது என்பதால் தொரைக்குப் பின்னால் ஆட்கள் நிரப்பிய துவக்குகளோடு நின்றார்கள். பேர் தொரைக்கு, தோள்வலி ஆட்களுக்கு.

1848-இல் நுவரெலியாவில் குடியேறிய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரிடம் இருந்த ஒரு துவக்கு 21 ராத்தல் கனம். 4 அவுன்ஸ் குண்டு, 1 அவுன்ஸ் மருந்து. ஆனால் மரைமானுக்கு மட்டும் துவக்கு எடுப்பது அவருக்கு அழகில்லை. நாய்ப்பட்டாளத்தை ஏவிவிட்டு, கத்தியோடு போய்க் குத்துவார். அதற்குப் பெயர் விளையாட்டாம். மரையை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் 1894-இல், அமெரிக்காவில் ஜான் பிரவுனிங் வரைந்து கொடுத்த வின்செஸ்டர் லீவர் துவக்கு வந்தது. பிடிக்குக் கீழே இருக்கும் லீவரை ஒருமுறை தள்ளி இழுத்தால் வெறுங்கூடு மேலே துள்ளிப் போகும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். அடுத்த வருசம் அதற்கென்று வந்த தோட்டாவின் பெயர் 30-30. முதல் 30, குழல் துளையின் அகலம்: அங்குலத்தில் நூறில் முப்பது பங்கு. இரண்டாவது 30, மருந்தின் நிறை: 30 கிரெயின், 2 கிராம்கூட வராது. பேக்கரின் ஒரு வேட்டு மருந்தில் நிறைக்கணக்குப்படி இந்த மாதிரி பதினான்கு தோட்டா நிரப்பலாம். கழற்றுகிற ரகமும் உண்டு. குழலைத் திருகி எடுத்தால் ரெண்டு துண்டு, பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்தப் பெட்டியை ஏற்றிவர ரயிலும் 1885-லேயே நானுஓயா வந்து சேர்ந்திருந்தது.

எல்லாம் தயார். சுட ஆனைதான் இல்லை! காடு கோப்பியாகி, கோப்பி இலைநோயில் செத்து, மலை முழுக்கத் தேயிலை. இடித்து இடித்துச் சுட்ட காலத்தில் கண்ட இடமெல்லாம் ஆனை. இமைக்குமுன் அடுத்த வேட்டு போடலாம் என்ற காலத்தில் கண்ட இடமெல்லாம் கொழுந்து. கொழுந்தைச் சுட முடியாது, கிள்ளத்தான் முடியும். அதற்குத் தொரை எதற்கு? எங்கள் அம்மாயி போதும்.

ரோஜர்ஸ் கதையின் மிச்சம் இதுதான். 1845 ஜூன் 7, ஹப்புத்தளை வாடிவீட்டு விறாந்தையில் நின்றவரை மின்னல் அடித்தது. ஒரே வேட்டு, குறி தப்பவில்லை. நுவரெலியாவில் புதைத்தார்கள். அந்தக் கல்லறையிலும் மின்னல் திரும்பத் திரும்ப விழுந்தது என்று சனம் இன்றைக்கும் சொல்கிறது. லீவர் இழுக்காமல், தோட்டா நிரப்பாமல், அடுத்தடுத்து வேட்டு! பிரவுனிங் படம் வரைய உட்காருமுன்பே மேலே இருக்கிறவன் அதைச் செய்து வைத்திருக்கிறான்.