பாம்பனைத் தாண்டும் நேரம்

1988-இல் சாலைப் பாலம் வரும்வரை இராமேசுவரத்துக்கு ரயிலை விட்டால் படகுதான் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் மே மாத விடுமுறையில் சித்தப்பா, அத்தை குடும்பங்களும் தெருத் தோழர்களுமாக எழும்பூரில் ஏறி, புளியோதரை வாசத்தோடு மீட்டர் கேஜ் பெட்டியில் இரவெல்லாம் ஆடிக்கொண்டு போன உங்களுக்கும் எனக்கும், மண்டபம் தாண்டி ரயில் ஊர்ந்து போகத் தொடங்கும் அந்த நேரம் மறக்குமா? 1914-இல் திறந்த பாம்பன் பாலம் அது. பக்கச்சுவர் கிடையாது, சன்னலுக்குக் கீழே நேரே கடல். பெரியவர்கள் காசெறிந்து கும்பிடுவார்கள். நாங்களோ, கப்பல் வந்தால் ஆட்கள் கையாலேயே சுற்றிப் பாலத்தைத் திறப்பார்கள் என்று கேட்டிருந்ததால், ஒரு கப்பலாவது வராதா என்று ஏங்குவோம்.

2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி மின்விசையில் அப்படியே மேலே எழும்புகிறது. அழகுதான். ஆனால் ரயில் சட்டென்று கடந்துவிடுகிறது, கடலைக் கண்ணால் குடித்து முடிப்பதற்குள் தீவு வந்துவிடுகிறது.

அன்று மே மாத விடியலில் இராமேசுவரம் படகுத்துறை முழுக்க மீன் ஏலச் சத்தம். இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன. துறை வெறிச்சென்றிருப்பது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்றே நினைக்கிறேன்.

1964 புயல் அழித்த தனுஷ்கோடிக்கு அப்போது முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலையே கிடையாது. மணலில் கால் புதையப் புதைய நடந்து களைத்துப்போன எங்களுக்கு, குடிசை வாசலில் ஒரு அம்மா மணலைக் கையால் தோண்டி, ஊறிய தண்ணீரை மொண்டு கொடுத்தார். இருபுறமும் உப்புக் கடல் இருக்க, அந்தத் தண்ணீர் இனித்தது. நடக்க முடியாத அத்தை அன்று சத்திரத்திலேயே தங்கிவிட்டார். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. தள்ளாத வயதில் காரில் போய் இறங்கி, இரண்டு கடலையும் ஒருசேரப் பார்த்து, "இதையா இத்தனை வருசம் பாக்காம இருந்தேன்!" என்று அவர் கேட்டபின், அந்தச் சாலையைப் பற்றி என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

இந்த முறை வீட்டுப் பிள்ளைகளோடு போனபோது, கரையில் நின்று கரைவலை இழுத்தவர்களிடம், பிள்ளைகளும் கயிறு பிடிக்கலாமா என்று கேட்டேன். "வரச் சொல்லுங்க, காலை நல்லா ஊணி இழுக்கணும்" என்றார் முன்னால் நின்றவர். பிள்ளைகள் செருப்பை உதறிவிட்டு ஓடினார்கள்.