வேட்பாளரே, எண்ணிக்கொள்ளுங்கள்

அமெரிக்கர்களின் சிக்கனம் நமக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. தேர்தலில் நிற்க ஒருவர், அதை நடத்த இன்னொருவர் என்று இரண்டு சம்பளம் எதற்கு? பல மாநிலங்களில் தேர்தல் அதிகாரியையே கட்சிப் பெயரோடு மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் முடிந்ததும் தன் நாற்காலிக்கான போட்டியை அவரே நடத்துகிறார். தபால் வாக்கின் உறையில் அனுப்புநராகவும் அவர் பெயர், உள்ளே சீட்டில் வேட்பாளராகவும் அவர் பெயர். அகப்பை பிடித்தவன் தன்னவன் என்றால் கடைப்பந்தியில் உட்கார்ந்தாலும் கவலையில்லை என்பார்கள் நம் ஊரில். இங்கே அகப்பை பிடித்தவனே இலையும் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

புளோரிடாவுக்குக் கொஞ்சம் கூச்சம் வந்தது. எதிர்த்து ஆள் நிற்கும் தேர்தல் மேற்பார்வையாளர், முடிவைச் சரிபார்க்கும் கவுண்டிக் குழுவில் உட்காரக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். சீட்டு அச்சடிப்பது, சாவடி அமைப்பது, ஆள் நியமிப்பது? அதெல்லாம் சில்லறை வேலை, அவரே பார்த்துக்கொள்ளலாம்.

2018 ஆகஸ்டில் கான்சஸ் மாநிலச் செயலாளர் கிரிஸ் கோபாக், அதாவது தேர்தல்களின் தலைமை அதிகாரி, குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் ஆவதற்கான உட்கட்சித் தேர்தலில் நின்றார். முதல் எண்ணிக்கையில் 191 வாக்கு முன்னிலை. தாமஸ் கவுண்டியில் எதிராளி ஜெஃப் கோலியர் வாங்கிய 522 வாக்கு, கோபாக் அலுவலகத்தின் இணையதளத்தில் 422 என்று இளைத்திருந்தது. பிழைதான், நம்புவோம். கூச்சல் பெருகியதும் கோபாக் பெருந்தன்மையாக ஒதுங்கினார். பொறுப்பை ஒப்படைத்தது யாரிடம்? தனக்குக் கீழே வேலை பார்த்தவரிடம்.

இவரெல்லாம் கற்றுக்குட்டி. அதே ஆண்டு ஜார்ஜியாவில் அதே குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப், மாநிலச் செயலாளராக இருந்தபடியே ஆளுநர் பதவிக்கு நின்றார். எதிரே ஸ்டேசி ஆப்ரம்ஸ் என்ற கறுப்பினப் பெண். விண்ணப்பத்தில் உள்ள பெயர் அரசுப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் நிறுத்திவைக்கும் விதியின் கீழ் சுமார் 53,000 பதிவுகள் கெம்ப் அலுவலகத்தில் தேங்கின. பெயருக்கு நடுவே ஒரு சிறு கோடு விட்டுப்போனாலும் போதும். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் கறுப்பினத்தவர். மாநில மக்கள்தொகையிலோ அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். அடையாள அட்டை காட்டினால் வாக்களிக்கலாமே என்றார் கெம்ப். உண்மைதான். பதிவு நிலுவையில் இருக்கிறது என்று கடிதம் வந்த பிறகும் வரிசையில் போய் நிற்கும் துணிச்சல்தான் வேண்டும்.

ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநரும் நாட்டின் முன்னாள் அதிபருமான ஜிம்மி கார்ட்டர், தொண்ணூறைத் தாண்டிய வயதில், பதவி விலகுங்கள் என்று கெம்புக்குக் கடிதம் எழுதினார். கெம்ப் அசையவில்லை. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, எதிர்க்கட்சி வாக்காளர் பதிவுத் தளத்தை ஊடுருவ முயன்றதாகத் தன் அலுவலகத்தின் பெயரிலேயே அறிவிப்பு வெளியிட்டார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. 2020இல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், ஆதாரமே இல்லை என்று கோப்பை மூடியது. அதற்குள் கெம்ப் ஆளுநர் மாளிகையில் குடியேறி ஒரு வருடம் ஆகியிருந்தது.

வித்தியாசம் சுமார் 55,000 வாக்கு. இந்த 53,000 பேரால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் நிலைக்கு ஒரு மாநிலத்தையே தள்ளினார்களே, அதைச் சொல்கிறேன். வெற்றி பெற்றதாகத் தானே அறிவித்த மறுநாள் கெம்ப் செயலாளர் பதவியிலிருந்து விலகினார். மனசாட்சி உறுத்தியா? இல்லை, ஆளுநர் வேலைக்குத் தயாராக வேண்டுமாம்.

2022இல் அரிசோனாவில் ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ் அதே நாற்காலியிலிருந்து அதே பதவிக்குப் போட்டியிட்டார். விலகச் சொன்னார்கள், மறுத்தார். கெம்பைத் திட்டித் தீர்த்தவர்களில் பலருக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது. கெம்புக்காக வாதாடியவர்களுக்குத் திடீரென்று நேர்மை பொத்துக்கொண்டு வந்தது. டிசம்பர் 5 அன்று, தான் ஜெயித்த தேர்தலின் முடிவுகளுக்கு ஹாப்ஸ் கையெழுத்திட்டுச் சான்றளித்தார்.